பதில்: பியாஜே, வைகாட்ஸ்கி – விளையாட்டில் என்ன வித்தியாசம்?

பி.எட். தேர்வுக்குப் படிக்கும்போது, குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்களான பியாஜே, வைகாட்ஸ்கி இரண்டு பேரும் விளையாட்டைப் பற்றி ஒன்றையே சொல்வதாகத் தோன்றுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆளுக்கு ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், குழப்பம் தீரும்.

பியாஜேயின் மகள் ஒன்றேகால் வயதில் ஒரு துணியைத் தலையணையாகப் பாவித்து, விரல் சூப்பியபடி சிரித்துக்கொண்டே தூங்குவதுபோல் நடித்தாள். தனக்குத் தெரிந்த செயலுக்குள் உலகை இழுத்துக்கொள்வதுதான் விளையாட்டு என்கிறார் அவர். அதாவது தன்வயமாக்கம்.

வைகாட்ஸ்கி 1933 சொற்பொழிவில் விளையாட்டுக்குள் இருக்கும் விதிமுறையைப் பார்க்கிறார். 5, 7 வயது அக்கா தங்கை 'அக்கா தங்கை' விளையாடுகிறார்கள். நிஜத்தில் யோசிக்காமல் இருப்பது அங்கே விதியாகிறது: ஒரே மாதிரி உடுத்து, கைகோத்து நடக்க வேண்டும். அப்புறம், பாவனைப் பொருளுக்கும் வரம்பு உண்டு: குச்சி குதிரையாகலாம், அஞ்சலட்டை ஆகாது. ஏறி உட்கார முடியாதே! எனக்கு இவர் வாதம்தான் வலுவாகப் படுகிறது.

விடையில் 'அண்மை வளர்ச்சி மண்டலம்' (குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும் பிறர் உதவியோடு செய்ய முடிவதற்கும் உள்ள இடைவெளி) என்பதை விட்டுவிடாதீர்கள். விளையாட்டே அதை உருவாக்குகிறது என்றார் வைகாட்ஸ்கி.