புரியாமல் சொன்ன ஓகே

கேள்வி: காட்பாடியில் எட்டுப் பையன்களோடு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் பெரிய வாடிக்கையாளர் சிகாகோவில் இருக்கிறார். இரவு மீட்டிங்கில் புரியாவிட்டாலும் பையன்கள் ஓகே சொல்லிவிடுவார்கள். காலையில் நான் சரி பண்ணிக்கொள்வேன். இப்போது நேர வித்தியாசத்தைச் சொல்லி, அடுத்த வேலையை மெக்சிகோவுக்குக் கொடுக்கப் போகிறாராம். அம்மா பெயரில் உள்ள சத்துவாச்சாரி வீட்டை அடமானம் வைத்து மெக்சிகோவிலேயே ஒரு ஆபீஸ் போடலாமா?

பதில்: தம்பி, போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், 'புரியாவிட்டாலும் ஓகே' என்று. உங்கள் கம்பெனியின் நோயே அதுதான்.

குளிர்காலத்தில் சிகாகோவும் மெக்சிகோ சிட்டியும் ஒரே நேரம். நமக்கோ பதினொன்றரை மணி நேர வித்தியாசம். அவர் காலை 9 மணிக்கு உட்காரும்போது உங்களுக்கு இரவு 8.30. அப்போது தலையாட்டியதை மறுநாள் பகல் முழுக்கத் தப்பாக எழுதுகிறீர்கள். அவர் பார்த்துச் சொல்ல மறுபடி இரவாகிவிடுகிறது. மெக்சிகோக்காரனும் தப்பாகப் புரிந்துகொள்வான். ஆனால் அன்று மத்தியானமே போன் போட்டுத் திருத்திவிடுவார்கள்.

பையன்கள் ஏன் வாய் திறப்பதில்லை? பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, 'புரியல சார்' என்று எவன் சொல்வான்? 'காலையில் நான் சரி பண்ணிக்கொள்வேன்' என்று அவர்களைப் பழக்கியது நீங்கள். மாதம் பிறந்தால் சம்பளம் போடுவதோடு மூத்தவன் கடமை தீராது. தன்னிடம் கெட்ட செய்தியைத் தைரியமாகச் சொல்ல வைக்க வேண்டும்.

இன்று இரவு அவர்கள் முன்னாலேயே நீங்கள் முதலில் கேளுங்கள்: 'புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள்.' மீட்டிங் முடிந்ததும், பேசியதைப் புரிந்துகொண்டவன் அரைப் பக்கம் எழுதி, திரை எப்படி இருக்கும் என்று ஒரு படமும் போட்டு, தூங்குமுன் அனுப்பட்டும். அங்கே அப்போது பகல். நீங்கள் எழுந்திருப்பதற்குள் பதில் வந்திருக்கும்.

ஒரே ஆளை நம்பி எட்டுக் குடும்பத்தை வைத்திருப்பதும் தப்பு. ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் பகல் 1.30தான். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல்காரர்கள் அந்தப் பக்கம் வியாபாரம் செய்து பழகியவர்கள், அவர்களிடம் விசாரியுங்கள். ஆனால் ஜெர்மன்காரருக்கும் பக்கத்திலேயே போலந்து, ருமேனியா இருக்கின்றன. இதே ஓகேயோடு அங்கே போகாதீர்கள்.

அப்புறம், வீடு. அம்மாவைக் கேட்டதாக ஒரு வார்த்தைகூடக் கடிதத்தில் இல்லை. அந்தப் பத்திரத்தைத் தொடாதீர்கள்.