சாதாரண போனில் பயணப் படங்களும் வீட்டுப் படங்களும் நன்றாக வர என்ன செய்யலாம்?

டிசம்பரில் அம்மாவோடு ரங்கூன் வருகிறேன், தாத்தா மொகல் தெருவில் வேலை பார்த்தவர், கையில் இருப்பது சாதாரண போன்தான், படம் நன்றாக வர எளிய வழி இருந்தால் சொல்லுங்கள், ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டில் எடுக்கவும் உதவ வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரங்கூனில் போட்டோ பிரிண்ட் போடும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். தினமும் அடுத்தவர் போன் படங்களைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், படம் கெடுவது பெரும்பாலும் போனால் இல்லை, எடுப்பவர் நிற்கிற இடத்தால்.

எங்கள் கடைக்கு அடிக்கடி வருகிற ஒரு வேலை உண்டு. வீட்டில் ஒருவர் தவறியிருப்பார், மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும் என்று வருவார்கள். போனைத் தள்ளித் தள்ளித் தேடுவார்கள், ஆயிரம் படம் இருக்கும். கல்யாணத்தில் இருபது பேரோடு நின்றது, பகோடா வாசலில் நின்றது, பஸ் பக்கத்தில் நின்றது, எல்லாவற்றிலும் அந்த மனிதர் இருப்பார், ஆனால் முகம் ஓர் அரிசி அளவுக்குத்தான் இருக்கும். அதைப் பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் கரைந்து கட்டம் கட்டமாக நிற்கும். என் அப்பத்தாவுக்கும் அப்படித்தான் ஆனது. அப்பா பழைய ஃபிலிம் கேமராவில் இங்கே ரங்கூனின் பெரிய புத்தர் கோயிலான ஸ்வேடகோனில் எடுத்த ஒரே ஒரு படம் இருக்கிறது. அந்தத் தங்கக் கோபுரம் கிட்டத்தட்ட 99 மீட்டர் உயரம். உச்சிக் குடை வரை படத்துக்குள் வர வேண்டும் என்று அப்பா பின்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறார், அப்பத்தா கோபுரத்தடியில் வெள்ளைப் புள்ளியாக நிற்கிறாள். கோபுரம் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அப்பத்தாவின் முகம் எங்கள் யாரிடமும் இல்லை.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். ஆளைக் கட்டடத்தடியில் போய் நிற்கச் சொல்லாதீர்கள், உங்கள் பக்கம் வரச் சொல்லுங்கள். கோபுரம் முழுதாகத் தெரிகிற தூரத்துக்கு நீங்கள் வந்துவிடுங்கள், அம்மாவை உங்களிடமிருந்து நாலைந்து அடியில் சற்று ஓரமாக நிறுத்துங்கள், இடுப்புக்கு மேலே எடுங்கள். கோபுரம் தூரத்தில் இருப்பதால் முழுதாக வரும், அம்மா பக்கத்தில் இருப்பதால் முகச் சுருக்கம் வரை தெரியும். தாஜ்மகாலானாலும் தஞ்சைப் பெரிய கோயிலானாலும் இதே கணக்குத்தான். வைட் லென்ஸ் இருக்கிறதே என்று கிட்டே நின்று 0.5-ஐ அழுத்தாதீர்கள், ஓரத்தில் நிற்பவர் தலையும் தோளும் இழுபட்டுப் போகும். ஆள் படத்துக்கு 1 போதும். விரலால் விரித்துப் பெரிதாக்குவதைவிட நடந்து கிட்டே போவது நல்லது, ஏனென்றால் பல போன்கள் படத்தை வெட்டித்தான் பெரிதாக்குகின்றன.

எடுப்பதற்கு முன்னால் லென்ஸைத் துடையுங்கள். கைலி நுனியோ சுத்தமான பருத்திக் கைக்குட்டையோ போதும். விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி வெள்ளையாக வருகிற படங்களில் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் காரணம். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படர்ந்துவிடும், அப்போது சில நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும்.

அடுத்தது வெளிச்சம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பகல் 11 மணி முதல் 3 மணி வரை எடுத்த முகங்களில் கண் இருக்கிற இடம் இரண்டு கருங்குழியாக இருக்கும், வெயில் மேலிருந்து விழுவதால். அந்த நேரத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் மர நிழலுக்கோ கடைத் தாழ்வாரத்துக்கோ கூட்டிப் போய், முகம் வெளிச்சமான பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்துங்கள். வீட்டுக்குள் என்றால் வாசற்படியும் ஜன்னலோரமும்தான் நல்ல இடம், டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். டிசம்பரில் இங்கே சூரியன் 5.30-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஸ்வேடகோனுக்கு 4 மணிக்குப் போனால் சரியாக இருக்கும், வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், பளிங்குத் தரையும் அதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும். மேற்குப் பக்கம் நின்று சூரியனுக்கு முதுகு காட்டி எடுங்கள், கோபுரமும் முகமும் ஒரே மஞ்சள் வெளிச்சத்தில் வரும். சூரியன் இறங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். அதற்கப்புறம் இருபது நிமிடம் வானம் கருநீலமாக இருக்கும், விளக்கும் போட்டிருப்பார்கள், அன்றைய நல்ல படம் அப்போதுதான் கிடைக்கும்.

ஆனால் அந்த நேரத்தில் போன் ஏமாந்துவிடும். சுற்றிலும் இருட்டாக இருப்பதைப் பார்த்து எல்லாவற்றையும் வெளுப்பாக்கும், தங்கம் வெறும் வெள்ளையாகிவிடும். திரையில் கோபுரத்தின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள், தங்கம் தங்கமாகத் தெரிகிற வரை. கன்னத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்துப் பூசும் பர்மிய முகப்பூச்சு) பூசிய பிள்ளைகளை எடுக்கும்போதும் இதே மாதிரி கொஞ்சம் குறைத்தால்தான் அந்தப் பூச்சின் கோடுகள் தெரியும். ஆளுக்குப் பின்னால் வானம் பளிச்சென்று இருந்தால் இதற்கு நேர்மாறு. நம்மவர் மாநிறமும் கருநிறமும் அப்போது நிழலாகிவிடும், முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி ஃபில்டரை மட்டும் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். பிரிண்டில் அது மெழுகு பூசிய மாதிரி வருகிறது, அம்மாவுக்கு அம்மாவின் நிறம் வேண்டும்.

ஸ்வேடகோனில் கோபுரத்தைச் சுற்றி அவரவர் பிறந்த கிழமைக்கு ஒரு மூலை உண்டு, புதன்கிழமைக்கு மட்டும் காலை மாலை என்று இரண்டு, அதனால் மொத்தம் எட்டு. தங்கள் கிழமை மூலையில் இருக்கும் புத்தர் சிலைக்குக் கிண்ணத்தில் மொண்டு தண்ணீர் ஊற்றுவார்கள். கோபுரப் படம் எல்லாரிடமும் இருக்கும், உங்கள் அம்மா தன் கிழமையில் தண்ணீர் ஊற்றுகிற கை உங்களிடம் மட்டும்தான் இருக்கும். அந்தக் கையை மட்டும் எடுங்கள், பிறகு முகத்தை, பிறகு தள்ளி நின்று முழுக் காட்சியை. ஓர் இடத்தில் மூன்று படம், மூன்று தூரத்தில். ஒரே இடத்தில் நின்று பதினைந்து படம் எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அசைகிறவற்றுக்கு வேறு வழி. ரங்கூனின் பான்சோடான் படகுத்துறையிலிருந்து ஆற்றின் அக்கரையில் இருக்கிற டலாவுக்குப் போகிற படகில் ஏறுங்கள், குளிர்காலத்தில் கடற்பறவைகள் கூட்டமாகத் துரத்திக்கொண்டு வரும், பயணிகள் தீனி வீசுவார்கள். பறவையின் பின்னால் போனை ஆட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. தீனி நீட்டுகிற ஒரு கையை முதலில் பிடித்துவிடுங்கள், ஆற்றுக் கரை படத்தில் சாயாமல் இருக்கிறதா என்று பாருங்கள் (செட்டிங்கில் கட்டக் கோடுகளைப் போட்டு வைத்தால் இது சுலபம்), அப்புறம் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள், பறவை தானாக அந்தக் கைக்கு வரும். சில போன்களில் பட்டனை ஒரு பக்கம் இழுத்தால்தான் தொடர்ந்து எடுக்கும், முன்கூட்டியே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். ராத்திரிக் கோயில் திருவிழாவில் ஃபிளாஷ் வேண்டாம், அது சில அடி தூரத்துக்குமேல் எட்டாது, முன்னால் நிற்பவர் முதுகைத்தான் வெளுப்பாக்கும். தூணில் சாய்ந்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, சாமியோ ஆட்டமோ ஒரு நொடி நிற்கும்போது எடுங்கள்.

யாரை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள். பர்மிய மொழியில் "டாட்போன் யைலோ யமலா" என்றால் படம் எடுக்கலாமா என்று அர்த்தம், உச்சரிப்பு தடுமாறினாலும் போனைக் காட்டிச் சிரித்தால் புரிந்துகொள்வார்கள். வேண்டாம் என்று கை ஆட்டினால் விட்டுவிடுங்கள். சிப்பாய்கள், சோதனைச் சாவடி பக்கம் போனைத் தூக்கவே தூக்காதீர்கள், இதை மட்டும் மறக்க வேண்டாம்.

வீட்டுப் படங்களுக்கு வருகிறேன். எங்கள் வாடிக்கையாளர் ஒரு அக்கா, மண்டலே பக்கத்துக்காரர். சில வருடங்களுக்கு முன் பஸ் ஜன்னலோரம் மகன் தூங்கி விழுவதை எடுத்திருக்கிறார், பின்னால் ஐராவதி ஆற்றின் மேல் 1934-இல் கட்டிய ஆவா பாலத்தின் இரும்புச் சட்டங்கள். 2025 மார்ச் 28-ஆம் தேதி நிலநடுக்கத்தில் அந்தப் பாலம் இடிந்து விழுந்தது. அதற்கப்புறம்தான் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு வாங்கிப் போனார். தினம் பார்க்கிற எதையும் நாம் எடுப்பதில்லை. அடுப்படி, அப்பாவின் சைக்கிள், முக்கு டீக்கடையின் குட்டி ஸ்டூல்கள், அம்மா அரிசி புடைக்கிற திண்ணை, இவற்றை எடுங்கள். கேமராவைப் பார்த்து நிற்கச் சொல்லாமல், வேலை செய்துகொண்டிருக்கும்போதே எடுங்கள். குழந்தை என்றால் தரையில் உட்கார்ந்து அதன் கண் உயரத்துக்கு வந்துவிடுங்கள்.

அன்றன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து மங்கலானதை அழித்துவிடுங்கள், மிச்சத்தை இன்னோர் இடத்தில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பிலும் வைபரிலும் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போகும், டாக்குமெண்டாக அனுப்பினால் முழு அளவில் போகும். என் மைத்துனர் தண்ணீர்த் திருவிழாவில் போனை நனைத்துவிட்டார், மகள் பிறந்த வருடத்துப் படங்களில் மிஞ்சியது வைபரில் சுருங்கிக் கிடந்ததுதான், உள்ளங்கை அளவுக்கு மேல் என்னால் பிரிண்ட் போட்டுத் தர முடியவில்லை.

கடைசியாக, உங்கள் தாத்தாவின் தெரு. மொகல் தெரு என்று கேட்டால் இளவட்டங்களுக்குத் தெரியாது, இப்போது ஷ்வே போந்தா தெரு. ஃப்ரேசர் தெரு என்று பழைய கடிதத்தில் இருந்தால் அது இன்றைய அனோரதா சாலை. காலை 8 மணிக்கு முன்னால் போனால் வெயிலும் சாய்வாக இருக்கும், கூட்டமும் குறைவு. தெருப் பெயர்ப் பலகை ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், அம்மாவை அதற்கு நேர் அடியில் நிறுத்தாமல் நாலு அடி முன்னால் உங்களிடம் வரச் சொல்லுங்கள், நீங்கள் கொஞ்சம் முழங்காலை மடக்கி எடுங்கள், பலகை அம்மாவின் தோளுக்கு மேலே வந்துவிடும்.