இருமல் நின்ற பிறகும் எதற்கு மாத்திரை?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 46, வயல் வேலை. நான் பீடி சுற்றுகிறேன். அவருக்கு டி.பி. மாத்திரை 2 மாதம் முடிந்துவிட்டது. இருமல் இல்லை, சளியிலும் கிருமி இல்லை. இன்னும் 4 மாதம் போட வேண்டுமாம். "ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்ல ஆய்வுக்கூடத்தில் புது மருந்து தேடுகிறார்களாம், அது வரட்டும்" என்கிறார். என்ன செய்ய?
- ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: அம்மா, அவர் கேள்விப்பட்டது பொய்யில்லை. அதற்காக மாத்திரையைத் தள்ளி வைப்பதுதான் தப்பு.

வயலில் கிடப்பவருக்குக் கோரையைப் பற்றி நான் சொல்லித் தரவேண்டாம். கார் சாகுபடியில் பறித்துப் போட்டாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடந்தால் அடுத்த பிசான சாகுபடியில் மறுபடி தலைகாட்டும். சளியில் காணாமல் போனது மேலே தெரிந்த புல்தான். கிழங்கு மாதிரி உள்ளே தூங்கும் கிருமி இன்னும் இருக்கலாம். அவர் போடும் மாத்திரையில் உள்ள ஐசோனியசிட், கிருமி தன் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுக்கும் மருந்து. தூங்கும் கிருமி சுவரே கட்டுவதில்லை. அதற்கு இந்த மருந்து உறைக்காது. அவ்வப்போது கண் விழிப்பதை, கூடவே இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் இத்தனை மாதம். முன்பு 9 மாதம் இருந்தது, பைரசினமைடு என்ற மருந்தும் சேர்ந்த பிறகு 6 ஆனது.

ஆய்வுக்கூடத்தில் கிருமிக்குப் பிராணவாயுவைக் குறைத்தும் பட்டினி போட்டும் வேண்டுமென்றே தூங்க வைக்கிறார்கள். அப்புறம் புது மருந்தை விட்டுப் பார்க்கிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. இந்தக் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். சோதனைக் குழாயில் ஜெயித்த மருந்து எலியிடம் தோற்கும். எலியிடம் ஜெயித்தது, மனித நுரையீரலில் கிருமியைச் சுற்றி இறுகிய கட்டிக்குள் நுழைய முடியாமல் நிற்கும்.

அத்தனையும் தாண்டி வந்த ஒன்று பெடாகுலின். தூங்கும் கிருமிக்கும் உயிர் தங்கக் கொஞ்சம் சக்தி வேண்டுமே, அது அந்த அடுப்பையே அணைக்கிறது. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கே அதை முக்கியமாக, வழக்கமான மாத்திரைக்கு அடங்காத காசநோய்க்குத் தருகிறார்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி அந்த ரகமாக மாறலாம். அவர் காத்திருக்கும் புது மருந்து அந்த வழியாக வீட்டுக்கு வர வேண்டாம்!

பீடி உங்கள் பிழைப்பு, அதைக் குறை சொல்லவில்லை. அவர் பிடிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அரசு தரும் சத்துணவுத் தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய், வருகிறதா என்று மாத்திரை வாங்கும் இடத்தில் கேளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் ஒருமுறை அங்கே காட்டிவிடுங்கள்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால், பயம் வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.