கோழியும் இருக்கட்டும், கீரையும் வளரட்டும்

கேள்வி: பின்கட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறோம். ஆடியில் விதைத்த வெண்டை முளைத்ததுமே கிளறிப் போட்டுவிட்டன. கோழி எச்சத்தை அப்படியே போட்ட கீரைப் பாத்தியும் கருகிவிட்டது. இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமா? - வாசகி, மடிப்பாக்கம்.

பதில்: எதையும் விட வேண்டாம் அம்மா. சேலையூரில் எங்கள் வீட்டிலும் முதல் வருஷம் இதே கதைதான்.

கோழிக்குப் பொலபொலவென்ற மண் என்றால் உயிர். அதைத் திருத்த முடியாது, பாத்தியைத்தான் காக்க வேண்டும். சுற்றிலும் 4 அடி உயரத்துக்குக் கோழிவலை கட்டி, அடிப்பக்கத்தை மண்ணில் புதையுங்கள். கத்தரி, வெண்டை முழங்கால் உயரம் வந்ததும் தூரைச் சுற்றிச் செங்கல் வையுங்கள். அப்புறம் பொழுது சாய ஒரு மணி நேரம் முன்னால் கோழிகளை உள்ளே விடலாம். புழு, பூச்சியைப் பொறுக்கும்; இருட்டினால் தானே கூட்டுக்குப் போய்விடும். கீரைப் பாத்திப் பக்கம் மட்டும் விடவே விடாதீர்கள்.

பச்சை எச்சத்தில் தழைச்சத்து அதிகம், அந்தச் சூட்டில்தான் உங்கள் கீரை கருகியது. நோய்க்கிருமியும் இருக்கும். ஒரு கூடை எச்சத்துக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு கலந்து, ஈரம் காயாமல் வாரம் ஒருமுறை புரட்டி, 3 மாதமாவது மக்க விடுங்கள். அள்ளிப் பார்த்தால் காப்பித்தூள் மாதிரி உதிர வேண்டும், மழை பெய்த மண் வாசம் வர வேண்டும். மூக்கில் காரமாக ஏறினால் இன்னும் ஆகவில்லை. ஐப்பசி மழைக்கு முன் குவியலின் மேல் தார்ப்பாய் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும்.