அப்பாவின் பிஎஸ்ஏ: விலை பேசுமுன் கிராண்டைப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த என் அப்பா, ராணுவம் கழித்துவிட்ட பிஎஸ்ஏ எம்20 மோட்டார் சைக்கிளை வாங்கி ஓட்டினார். அவர் காலமான பிறகு 22,000 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்துப் புதுப்பித்தேன். ஒருவர் 25,000-க்குக் கேட்கிறார். கிராண்ட் (வண்டியின் உரிமைப் பத்திரம்) இன்னும் அப்பா பெயரில்தான். அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருக்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணம்கூட வாங்காதீர்கள், ஐயா. செலவழித்தது நீங்கள்தான் என்றாலும், சட்டப்படி அது அப்பா விட்டுப்போன சொத்து. அதைப் பைசல் செய்த உத்தரவு இல்லாமல் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பெயர் மாறாது. வீடு, நிலம் எதுவும் இல்லாமல் அசையும் சொத்து மட்டும் 6 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் அரசின் பொது அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவில் முடித்துக்கொள்ளலாம். நிலமும் இருந்தால் நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பங்கீட்டுக்கு மனுச் செய்யுங்கள்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து பங்கீட்டில்தான். உயில் இல்லை, அப்பாவின் பெற்றோரும் இல்லை என்றால் 1958 பங்கீட்டுச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி பிள்ளைகள் மூவருக்கும் சமம். 25,000-ஐ அப்படியே பிரித்தால் உங்கள் கைக்கு வருவது சுமார் 5,556 வெள்ளி. செலவை முதலில் கழித்துக்கொண்டால் பிரிக்க வேண்டியது 3,000 மட்டுமே. உங்களுக்கு 22,667 கிடைக்கும். ஆகவே பட்டறை ரசீதுகளைக் காட்டி, அம்மாவிடமும் தங்கைகளிடமும் இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலை படிந்த பிறகு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

செலவுக் கணக்கை வைத்து விலை சொல்லாதீர்கள். வாங்குபவர் இன்ஜின், சட்டக (ஃபிரேம்) எண்களைத்தான் முதலில் பார்ப்பார். போர்க்கால எம்20-இல் அவை டபிள்யூஎம்20 என்று தொடங்கும். இன்ஜின் எண்ணும் சட்டக எண்ணும் வேறாக இருக்கிறதே என்று விலையை இறக்கப் பார்ப்பார்கள். அவை தொழிற்சாலையிலேயே வேறு வேறுதான். இரண்டும் கிராண்டோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். எண்மேல் பச்சைப் பெயின்ட் தடித்திருந்தால் பெயின்ட் ரிமூவர் தொட்டுத் துடையுங்கள். மணல்தாள் பட்டுத் தேய்ந்த எண் திருட்டு வண்டியின் எண்போலத் தெரியும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இன்ஜின் எண்ணெய் அதன் டாங்கியிலிருந்து பம்ப் வழியாகக் கசிந்து, இன்ஜினின் அடிப்பெட்டியான கிரேங்க்கேஸில் இறங்கிவிடும். உதைத்ததும் நீலப்புகை கக்கினால், பிஸ்டன் போய்விட்டது என்று நினைத்து ஆயிரக்கணக்கில் குறைப்பார்கள். வந்து பார்ப்பதற்கு முதல்நாள் கிரேங்க்கேஸின் அடிப் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டு, எண்ணெய் டாங்கியில் அளவு பாருங்கள். அரைமணி ஓட்டி, நிறுத்தி, சூட்டோடு மறுபடி உதையுங்கள். அப்போது பிடிக்காவிட்டால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் கண்டென்சர்மேல்தான் முதல் சந்தேகம். அதை மாற்றிவிட்டே விலை பேசுங்கள்.

அப்பாவிடமிருந்து வந்த ஒரே வண்டியை விற்பதற்கு வருமான வரி இல்லை. இதே ருசியில் வாங்கிப் புதுப்பித்து விற்கத் தொடங்கினால் அது வியாபார வருமானம்; ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

கைப்பேசியில் காட்டும் பணப்பரிமாற்றச் சீட்டை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே ஜேபிஜே முகப்பில் கைரேகை வையுங்கள். சாவியும் அதற்குப் பிறகுதான்.