1950-களின் ஹாலிவுட் மான்ஸ்டர் படங்களில் பெண்களுக்கும் வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் இடம் இருந்ததா?

இருந்தது. யாருக்கு எந்த இடம் கிடைத்தது, யாருடைய உழைப்பு யார் பெயரில் போனது என்று பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த படத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஜாக் அர்னால்ட் இயக்கத்தில் 1954-ல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்'. அமேசான் காட்டுக்குள் படகில் போகும் விஞ்ஞானிகள், பாதி மீனும் பாதி மனிதனுமான ஒரு ஜந்துவிடம் சிக்கிக்கொள்கிறார்கள். செவுள், செதில், விரல்களுக்கிடையே சவ்வு, மீனுக்கு இருப்பது போன்ற தடித்த உதடு என்று அந்த உருவம் இன்றைக்கும் மிரட்டுகிறது. அதை வடிவமைத்தவர் மிலிசென்ட் பாட்ரிக் என்ற பெண். டிஸ்னியில் வேலை பார்த்து, பிறகு யூனிவர்சலின் ஒப்பனைத் துறைக்கு வந்தவர். படத்தின் டைட்டிலில் அவர் பெயரைத் தேடாதீர்கள். ஒப்பனை என்ற இடத்தில் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோரின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

படத்தை விளம்பரப்படுத்த ஸ்டூடியோ மிலிசென்ட்டை ஊர் ஊராக அனுப்பியது. 'அரக்கனைப் படைத்த அழகி' என்பதுதான் முதலில் யோசித்த வாசகம். வெஸ்ட்மோர் கொதித்தார். 'அரக்கனோடு வாழும் அழகி' என்று மாற்றினார்கள். படைத்தவர் ஒரே நாளில் காட்சிப் பொருளாகிவிட்டார்! பயணம் முடிந்து திரும்பியவருக்கு வெஸ்ட்மோர் மறுபடி வேலை தரவில்லை. 1998-ல் மிலிசென்ட் இறந்தார். மல்லரி ஓமேரா எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது 2019-ல்.

இனி கதைக்குள் வருவோம். முதலில் சாகிறவர்கள் கூடாரத்தில் விட்டுச் செல்லப்பட்ட இரண்டு உள்ளூர் உதவியாளர்கள். அடுத்து, படகில் வேலை செய்யும் இருவர். இந்த நால்வரும் போன பிறகுதான் ஒரு வெள்ளை விஞ்ஞானியின் உயிருக்கு ஆபத்து வருகிறது. அவர்களை நாம் சரியாக அறிந்துகொள்வதற்குள் கதை அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. ஜூலி ஆடம்ஸ் நடித்த கே என்ற பாத்திரம் ஆராய்ச்சிக் குழுவில் ஒருத்தி. படம் அவளுக்குக் கொடுக்கும் வேலையோ வெள்ளை நீச்சலுடையில் நீந்துவதும் அலறுவதும்தான். கரைக் காட்சிகளில் அந்த ரப்பர் உடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த பென் சாப்மன் தஹிதி வம்சாவளியினர். நீருக்கடியில் நீந்தியவர் ரிக்கோ பிரௌனிங். இருவர் பெயரும் டைட்டிலில் கிடையாது.

அதே ஆண்டு வந்த 'தெம்!' கொஞ்சம் ஆறுதல். அணுகுண்டுச் சோதனையால் ராட்சத அளவுக்குப் பெரிதாகிவிட்ட எறும்புகளின் கதை. ஜோன் வெல்டன் நடித்த டாக்டர் பாட்ரீஷியா மெட்ஃபோர்ட், பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று தடுப்பவரிடம் வாதாடி எறும்புப் புற்றுக்குள் இறங்குகிறார். முட்டைகளைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொளுத்தச் சொல்லி உத்தரவிடுபவரும் அவரே. அவர் அறிமுகமாகும் காட்சியில் விமானத்தின் ஏணியில் இறங்கும் கால்களைக் கேமரா வெறித்துப் பார்ப்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜப்பானில் இஷிரோ ஹோண்டா 1954-ல் எடுத்த 'கோட்சில்லா'வுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 1956-ல் அமெரிக்காவில் வெளியிட்டபோது, ரேமண்ட் பர் என்ற வெள்ளை நடிகரை நிருபராகப் புகுத்தினார்கள். மூலப்படத்தின் ஜப்பானியப் பாத்திரங்களோடு அவர் பேசுவதாகக் காட்ட, மாற்று ஆட்களை நிறுத்தி முதுகுப்பக்கத்திலிருந்து படம் பிடித்தார்கள். ரயிலில் ஒரு பெண், நாகசாகியில் உயிர் பிழைத்ததைப் பற்றிப் பேசும் காட்சியை வெட்டியே எறிந்துவிட்டார்கள். இந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து ஜப்பானிய மூலத்திலிருந்து தொடங்குங்கள்.