கொலம்பஸ்ல எம் எழுத்து மேல ஏன் சிவப்பு டேப் ஒட்டுறாங்க?

தம்பி, கொலம்பஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, ஆபீஸ்ல போர்டு, மீட்டிங் ரூம் பேருன்னு எங்கெல்லாம் எம் எழுத்து இருக்கோ அங்கெல்லாம் சிவப்பு டேப்ல பெருக்கல் குறி போட்டு வச்சிருக்காங்க, மச்சான் ஆன் ஆர்பர்ல படிச்சப்போ வாங்கிக்குடுத்த நீல ஹூடிய போட்டுட்டு போனா ஒருத்தரும் முகம் குடுத்து பேசல, மேனேஜர் வேற தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை வீட்டுக்கு மேட்ச் பாக்க வாங்குறாரு, காலேஜ் பசங்க ஆடுற ஆட்டத்துக்கு ஊரே ஏன் இப்படி ஆடுது, நான் போகணுமான்னு கேட்டிருந்தீங்க. போங்க, கண்டிப்பா போங்க. அந்த ஹூடி மட்டும் வேணாம். எம்னா மிச்சிகன், ஆன் ஆர்பர்ல இருக்குற மிச்சிகன் யுனிவர்சிட்டி, நீலம் அவங்க கலர். இங்க கொலம்பஸ்ல இருக்குற ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு அமெரிக்கன் புட்பால்ல அவங்கதான் பரம எதிரி, அந்த சனிக்கிழமை இந்த ரெண்டு பேருக்கும்தான் மேட்ச்.

ஏன் இப்படின்னு நீங்க யார்கிட்ட கேட்டாலும் முதல்ல டொலிடோ சண்டை கதைய ஆரம்பிப்பாங்க. 1835ல ஓஹையோவுக்கும் மிச்சிகனுக்கும் நடந்த எல்லைத் தகராறு அது, டொலிடோங்குற ஊர ஒட்டி ஒரு நீளமான துண்டு நிலம் யாருக்குன்னு ரெண்டு பக்கமும் ஆளுங்கள துப்பாக்கியோட கூட்டிட்டு வந்து நின்னாங்க, கடைசில ஒருத்தரும் சாகல. காயம் பட்டதா சொல்றது ஒரே ஒரு ஆளு, மிச்சிகன் பக்கத்து டெபுடி ஷெரிப், அவர் ஸ்டிக்னின்னு ஒரு குடும்பத்து ஆளுங்கள கைது பண்ண போனப்போ அந்த வீட்டுப் பையன் பேனாக்கத்தியால குத்திட்டான். அந்தப் பையன் பேரு என்ன தெரியுமா, டூ. அண்ணன் பேரு ஒன். அப்பங்காரன் பசங்களுக்கு நிஜமாவே நம்பர்தான் பேரா வச்சிருந்தாரு. கடைசில வாஷிங்டன்ல பேசி டொலிடோவ ஓஹையோவுக்கு குடுத்துட்டு, மிச்சிகனுக்கு வடக்கே ஏரிய தாண்டி இருக்குற பெரிய தீபகற்பத்த குடுத்து 1837 ஜனவரில தனி ஸ்டேட்டும் ஆக்கிட்டாங்க. ஏமாத்திட்டாங்கன்னு மூஞ்ச தூக்கி வச்சுகிட்டவங்களுக்கு பின்னாடி அந்தப் பக்கம் செம்பும் இரும்பும் கிடைச்சது தனிக் கதை.

கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா புட்பால் பகைக்கு இதுதான் வேருன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். முதல் மேட்ச் நடந்ததே 1897ல, தகராறு தீர்ந்து 60 வருஷம் கழிச்சு, அன்னிக்கு ஆடுன பசங்களோட தாத்தா காலத்து சமாச்சாரம் அது. எனக்குப் பட்டதை சொல்றேன், இது ரெண்டு பக்கமும் சரிசமமா ஆரம்பிச்ச பகையே இல்ல. அடி வாங்குனவன் பக்கம்தான் முதல்ல வளர்ந்துச்சு, அடிச்சவனுக்கு ரொம்ப நாள் இவங்க ஞாபகமே இல்ல.

1897 அக்டோபர் 16, ஆன் ஆர்பர்ல மிச்சிகன் 34, ஓஹையோ ஸ்டேட் முட்டை. 1900ல ஆளுக்கு முட்டை, டிரா. மறு வருஷம் மிச்சிகனுக்கு பீல்டிங் யோஸ்ட்னு ஒரு கோச் வந்தாரு, அதுக்கப்புறம் நடந்தத ஆட்டம்னே சொல்ல முடியாது. 1901 சீசன்ல அவர் டீம் மொத்தமா 550 பாயிண்ட் எடுத்து எதிராளி ஒருத்தனுக்கும் ஒரு பாயிண்ட் கூட குடுக்கல, நிமிஷத்துக்கு ஒரு பாயிண்ட்னே அவங்களுக்கு பட்டப்பேரு. 1902ல ஓஹையோ ஸ்டேட் அங்க போய் 86-0ன்னு தோத்துட்டு வந்துச்சு. ஒரு விஷயம் கவனிங்க, அந்தக் காலத்துல பந்த முன்னாடி தூக்கி எறியுற பாஸே கிடையாது, அது 1906லதான் வந்துச்சு, டச்டவுனுக்கும், அதான் பந்த எதிராளி பக்கத்து கடைசிக் கோட்டுக்கு கொண்டு போறதுக்கும், இப்ப மாதிரி 6 இல்ல, 5 பாயிண்ட்தான், அப்படி இருந்தும் 86. அந்த டீம்ல இருந்த பிரெட் கார்னெல்னு ஒரு பர்ஸ்ட் இயர் பையன் ஊருக்கு திரும்புற ரயில்லயே மனசு நொந்து ஒரு பாட்டு எழுதுனதா சொல்லுவாங்க, ரயில்லதானா இல்ல அப்புறமான்னு சந்தேகப்படுறவங்களும் உண்டு, எப்படியோ அதுதான் 'கார்மென் ஓஹையோ'. இன்னிக்கும் மேட்ச் முடிஞ்சதும் ஜெயிச்சாலும் தோத்தாலும் பிளேயருங்க தோள்ல கை போட்டுகிட்டு நின்னு அதைத்தான் பாடுவாங்க, உங்க மேனேஜரும் டிவி முன்னாடி எந்திரிச்சு நிப்பாரு பாருங்க.

மிச்சிகன் மேல ஓஹையோ ஸ்டேட் முதல் முதலா பாயிண்ட் எடுத்ததே 1904லதான். 1897ல இருந்து 1918 வரைக்கும் 15 மேட்ச், அதுல 13 தோல்வி, 2 டிரா, ஜெயிச்சது ஒண்ணு கூட இல்ல. மிச்சிகனுக்கு அப்போ இவங்க பத்தோட பதினொண்ணு, அவங்க மல்லு கட்டுனதெல்லாம் சிகாகோ யுனிவர்சிட்டியோடயும் மினசோட்டாவோடயும்தான். நடுவுல 1913ல இருந்து 1917 வரைக்கும் மேட்சே நடக்கல. இப்ப பிக் டென்னு சொல்ற லீக் 1906ல புட்பால்ல அடிதடியும் தில்லுமுல்லும் ஜாஸ்தியாயிடுச்சுன்னு மேட்ச் எண்ணிக்கைய குறைச்சு, ஒரு பையன் மூணு வருஷத்துக்கு மேல ஆடக்கூடாதுன்னு ரூல் போட்டுச்சு, யோஸ்ட் ஆளுங்களுக்கு அது பிடிக்கல, மிச்சிகன் லீக்க விட்டே வெளிய போயிடுச்சு. அவங்க வெளிய இருந்த நேரத்துல ஓஹையோ ஸ்டேட் உள்ள நுழைஞ்சுடுச்சு. மிச்சிகன் 1917ல திரும்பி வந்த பிறகுதான் ரெண்டு பேரும் ஒரே கோப்பைக்கு மோதுற நிலைமை வந்துச்சு, என்னைக் கேட்டா டொலிடோவ விட இதுதான் முக்கியமான காரணம்.

அப்புறம் சிக் ஹார்லி. இந்தப் பேர மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு போங்க, மேனேஜர் அசந்துடுவாரு. கொலம்பஸ் ஈஸ்ட் ஹைஸ்கூல்ல படிச்ச உள்ளூர் பையன், பெரிய உடம்பெல்லாம் இல்ல, ஆனா ஓட ஆரம்பிச்சா பிடிக்க ஆள் கிடையாது. 1918ல போருக்காக ராணுவத்துக்கு போயிட்டு 1919ல திரும்பி வந்து ஆன் ஆர்பர்லயே மிச்சிகன 13-3ன்னு சாய்ச்சுட்டாரு, 42 யார்ட் ஓடி ஒரு டச்டவுன், அது போதாதுன்னு எதிராளி எறிஞ்ச பாஸ் நாலு இவர் கைக்கே வந்துச்சு. முதல் மேட்ச் ஆடி 22 வருஷம் கழிச்சு வந்த முதல் வெற்றி. யோஸ்டே ஓஹையோ பசங்க ரூமுக்குள்ள போய் வாழ்த்திட்டு வந்தாராம். ஹார்லி ஆட்டத்த பாக்க வந்த கூட்டம் பழைய மைதானத்துல அடங்கல, ஜனங்ககிட்ட நன்கொடை திரட்டி பத்து லட்சம் டாலருக்கு மேல சேத்துதான் இப்ப ஒலன்டாஞ்சி ஆத்தங்கரையில நீங்க பாக்குற குதிரை லாட ஸ்டேடியத்த கட்டுனாங்க, ஹார்லி கட்டுன வீடுன்னே அதுக்கு பேரு. பாவம், அந்த மனுஷன் பின்னாடி மனநோய் வந்து ரொம்ப வருஷம் ஆஸ்பத்திரிலயே கிடந்தாரு, 1948ல ஊருக்கு வந்தப்போ கொலம்பஸ் மொத்தமும் ரோட்டுக்கு வந்து ஊர்வலமா கூட்டிட்டு போச்சு.

அப்படி ஊர் காசுல கட்டுன வீட்டுக்கு 1922 அக்டோபர் 21ல கிரகப்பிரவேசம், விருந்தாளியா கூப்பிட்டது மிச்சிகன, வந்தவன் 19-0ன்னு அடிச்சுட்டு போயிட்டான். 1927ல அவங்க புது ஸ்டேடியத்தோட திறப்பு விழா மேட்சுக்கு இவங்கள கூப்பிட்டு அங்கயும் 21-0. மறுபடியும் பழைய கதைதான். 1934ல ஓஹையோ ஸ்டேட்டுக்கு பிரான்சிஸ் ஷ்மிட்னு ஒரு கோச் வந்து, மிச்சிகன்காரங்களும் நம்மள மாதிரி ஒவ்வொரு காலா விட்டுத்தான் பேண்ட் போடுறாங்கன்னு சொல்லப்போய், அன்னில இருந்து மிச்சிகன ஜெயிச்சா பிளேயருங்களுக்கு பேண்ட் வடிவத்துல குட்டியா ஒரு தங்க பென்டன்ட் குடுக்குற வழக்கம் வந்துச்சு. ஷ்மிட் தொடர்ந்து நாலு வருஷம் மிச்சிகனுக்கு ஒரு பாயிண்ட் கூட விடாம அடிச்சாரு, மிச்சிகன்காரங்களுக்கு பயம் வந்தது அப்பத்தான்னு நினைக்கிறேன். அந்த சமயத்துலதான் இந்த மேட்ச சீசனோட கடைசிக்கு தள்ளினாங்க.

1950 மேட்ச பத்தியும் பேச்சு வரும். கொலம்பஸ்ல பனிப்புயல், கோடே தெரியாத மைதானத்துல ஆடுனாங்க. நாலு வாய்ப்புல பத்து யார்ட் முன்னேறுனா பர்ஸ்ட் டவுன், அது ஒண்ணு கூட எடுக்காமலே மிச்சிகன் 9-3ன்னு ஜெயிச்சுது, ஓஹையோ உதைச்ச பந்த மறிச்சு வந்த பாயிண்ட்தான் அந்த ஒம்பதும். ரெண்டு டீமும் சேந்து 45 தடவ பந்த உதைச்சு விட்டாங்க. அதோட ஓஹையோ ஸ்டேட் கோச் வேலைய விட்டுட்டு போயிட்டாரு, அந்த இடத்துக்கு வந்தவர்தான் உடி ஹேய்ஸ். மிச்சிகன் பேரையே வாயால சொல்லாம, வடக்கே இருக்குற அந்த ஸ்டேட்னு சொல்றாங்களே, அது இவர் ஆரம்பிச்சு வச்சது. அதுக்கு மேல உள்ள கதைய மேனேஜரே சொல்லட்டும், அவருக்கும் அது ஒரு சந்தோஷம்.

போறப்போ சிவப்புலயோ சாம்பல் கலர்லயோ ஒரு சட்டை போட்டுக்கோங்க. யாராவது ஓ-எச்னு கத்துனா ஐ-ஓன்னு திருப்பி கத்தணும், சும்மா நின்னா நல்லா இருக்காது. மேட்சுக்கு முன்னாடியோ பாதி ஆட்டத்துலயோ ஓஹையோ ஸ்டேட் பேண்டு வாசிக்கிறப்போ சாப்பாடு எடுக்க எந்திரிக்காதீங்க, மைதானத்துல கோர்வையா நடந்தே ஓஹையோன்னு எழுதி கடைசில ஒரு ஆளு பெரிய ஊதுகுழலோட போய் ஐ எழுத்துக்கு புள்ளியா நிப்பாரு, அதுக்கு இங்க மேட்ச் அளவுக்கு மரியாதை. 1932லயே மிச்சிகன் பேண்டு மைதானத்துல அந்த எழுத்த போட்டு காமிச்சுதுன்னு தெரிஞ்சாலும் அங்க வாயத் தொறக்காதீங்க. மேட்ச் வழக்கமா மதியம் 12 மணிக்கு, அதனால பத்து மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க, ஹை ஸ்ட்ரீட், லேன் அவென்யூ பக்கம் கார எடுத்துட்டு போயிடாதீங்க, சாயங்காலம் வரைக்கும் நகர முடியாது. காய்கறி வாங்கணும்னா வெள்ளிக்கிழமையே முடிச்சுடுங்க.